கட்டைவிரல் மறைத்த வரி

வாடிப்பட்டி மருந்துக்கடையில் அந்த அம்மாவை அடிக்கடி பார்ப்பேன். தடித்த கண்ணாடி, நாலு படி ஏறினாலே இளைக்கும் நெஞ்சு. டாக்டர் எழுதிய சீட்டை நீட்டும்போது ஒரு மருந்தின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வார். கடைக்காரரும் மறைக்காததை மட்டும் எடுத்துக் கொடுப்பார்.

ஒருநாள், “ரெண்டும் வாங்கலையாம்மா?” என்று கேட்டுவிட்டேன்.

“அம்புட்டையும் எங்க சார் வாங்குறது? ஒரு மாசம் கண்ணுக்குச் சொட்டு மருந்து, மறுமாசம் இழுப்புக்கு மருந்து. இந்த மாசம் கண்ணு பொறுத்துக்கிரும்.”

நான் பொருளாதார வாத்தியார். மறுநாள் வகுப்பில், நுகர்வோர் தமக்கு அதிகப் பயன் தருவதையே தேர்ந்தெடுப்பார் என்று நடத்தினேன். மாணவர்கள் உதாரணம் கேட்டார்கள். அந்தக் கட்டைவிரல்தான் கண்முன் வந்தது. வழக்கம்போல ஆப்பிளும் ஆரஞ்சும் என்று சொல்லித் தொலைத்தேன்.