வெளிச்சம் பார்க்கும் வேலை

துகிமானின் வேலையைச் சட்டென்று சொல்லிவிடலாம். காலிக் கன்டெய்னருக்குள் போவார், கதவைச் சாத்தச் சொல்வார், இருட்டில் நிற்பார். கூரையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெயில் உள்ளே எட்டிப் பார்த்துவிடும். பார்த்தால் கதவில் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி, இல்லையென்றால் வட்டம். துறைமுகத்தை ஒட்டிய சிலிஞ்சிங் கன்டெய்னர் யார்டில் முப்பத்தோரு வருடமாக அவர் போட்ட வட்டத்தை நம்பித்தான் காப்பியும் மிளகும் கப்பலேறின.

பெட்டிகளைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்தால் தொலைந்தோம். மெத்தை, நாற்காலி என்று இடத்தை அடைக்கும் சரக்குக்கு நாற்பதடி. காப்பி, தரை ஓடு என்று கனக்கும் சரக்குக்கு இருபதடியே போதும். இறாலுக்குக் குளிர்பெட்டி, பெரிய இயந்திரத்துக்குக் கூரையில்லாத பெட்டி, பாமாயிலுக்கு உருளைத் தொட்டி. நாற்பதடியிலேயே ஓரடி உயரம் கூடியதும் உண்டு. தன் நெட்டை மருமகனுக்கு ‘ஒசரப் பெட்டி’ என்று பேர் வைத்த மனிதர் இவர்.

அப்படிப்பட்டவருக்குக் கண் போனது. கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, போனது போனதுதான் என்றார் டாக்டர். பகலில் நடமாடக் குறையில்லை. இருட்டில்தான் அடியோடு கைவிட்டது. மனைவி சுமீராவிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். அதுவரை ஓட்டிவிட்டால் மரியாதையாக வெளியே போகலாம், குருட்டுச் சோதனைக்காரன் என்று பேர் வாங்க வேண்டாம். அவ்வளவுதான் அவர் ஆசை.

கிரேன் இடிப்பது பெரும்பாலும் கூரையின் மூலைகளில். அங்கே கையை எக்கித் தடவி, துரு உதிரும் இடத்தைத் தட்டிப் பார்த்தே பாதி ஓட்டையைக் கண்டுபிடித்தார். மீதிப் பாதிக்கு ஆண்டவன் மேல் பாரத்தைப் போட்டு வட்டம் போட்டார். செய்வது தப்பு என்று அவருக்கே தெரியும். தெரிந்தேதான் செய்தார்.

ஒருநாள் அந்த ஆண்டவனும் கண்ணை மூடிக்கொண்டான். அவர் வட்டம் போட்ட இருபதடிப் பெட்டியில் காப்பி ஏற்றினார்கள். கப்பல் தாமதம், மூன்று நாள் விடாத மழை. திறந்து பார்த்தால் வலது மூலையிலும் நடுவிலும் மேல் மூட்டைகள் ஊறிக் கிடந்தன. பெட்டி யார்டுக்கே திரும்பி வந்தது.

யார்டின் தலைவி ரெத்னோ அவரைக் கூப்பிட்டாள். அவரிடம் வேலை கற்று மேலே போனவள்; இன்றைக்கும் ஐயா என்ற மரியாதையோடு ‘பாக்’ என்றுதான் அழைப்பாள்.

“பாக், நாளைக்குப் பத்து மணிக்கு நீங்களும் நானும் உள்ள போய்ப் பாக்குறோம். ஓட்டை இல்லேன்னா, காப்பிக்காரன் ஈர மூட்டைய ஏத்திட்டான்னு எழுதிடுறேன். இருந்துச்சுன்னா என் கையில ஒண்ணுமில்ல.”

மத்தியானம் வெல்டர் காஸ்னோ தன் தெம்பே என்ற சோயா வறுவலை அவர் பக்கம் தள்ளினான். ஓட்டை அடைப்பவன் அவன். இருபது வருடப் பழக்கம், அண்ணன் முறை வைத்து ‘மாஸ்’ என்பான்.

“ஒரு பெட்டிக்கா இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க மாஸ்? முப்பது வருஷத்துல ஒண்ணு தவறாதா? அன்னிக்கு வானம் மூடியிருக்கும்.”

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. தெம்பேயோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

மறுநாள் நல்ல வெயில். கதவைச் சாத்த நின்ற காஸ்னோ, “பாத்ததை அப்படியே சொல்லுங்க மாஸ், பயப்படாதீங்க” என்று காதருகே சொன்னான். கதவு மூடியது. உள்ளே புதுப் பெயின்ட் வாடை. யார்டில் என்றைக்குத்தான் அந்த வாடை இல்லை? அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இரண்டு நிமிடம் போயிற்று. அவருக்கு எங்கும் கருப்பு.

“என்ன தெரியுது பாக்?” என்றாள் ரெத்னோ.

மூட்டை நனைந்திருக்கிறது, ஆகவே அதற்கு நேர் மேலே ஓட்டை இருந்தாக வேண்டும். அவள் கண்ணுக்கு அது இப்போது பளிச்சென்று தெரியும். தெரியவில்லை என்றால் மாட்டிக்கொள்வோம். துகிமான் கணக்குப் போட்டார்.

“மூணு. வலது மூலையில ரெண்டு, நடுவுல ஒண்ணு. எல்லாம் புதுசு. லாரியில ஏத்துறப்ப இடிச்சிருப்பானுங்க. நான் பாத்தப்ப இல்ல.”

ரெத்னோவின் காலடி அவர் பக்கம் நெருங்கியது. பிறகு, “எங்க, தொட்டுக் காட்டுங்க” என்றாள். அவர் எக்கி மூலையைத் தொட்டார். அவள் கைப்பேசி விளக்கை அடித்தாள். அவர் விரல் வழுவழுப்பான தகட்டின் மேல் இருந்தது.

“பாக், இங்க ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லையே.” அவள் விளக்கை இறக்கினாள். “எத்தனை நாளா இப்படி?”

“ரெண்டு வருஷமா.”

அவள் கதவைத் தட்டினாள். வெயில் உள்ளே பாய்ந்தது. முழங்கையில் பெயின்ட் ஒட்டியிருந்த காஸ்னோ, சிரிப்பை அடக்க முடியாமல் அவரை ஓரமாக இழுத்தான்.

“என்ன மாஸ், ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீங்கல்ல? விடிஞ்சதும் வந்து மூணையும் அடைச்சிட்டேன். வலது மூலையில ரெண்டு, நடுவுல ஒண்ணு. நேத்தே சொன்னா வேண்டாம்பீங்கன்னுதான் சொல்லல.”

துகிமானுக்கு இப்போதுதான் புரிந்தது. இரண்டு வருடப் பொய்யில் ஒரே ஒரு தடவை, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார்.

“உன் மேல தப்பில்ல காஸ்னோ” என்றார்.

பின்னால் ரெத்னோ வந்து நின்றாள். அழுதிருந்தாள். ஆனாலும் கையை நீட்டினாள்.

“சுண்ணக்கட்டியக் குடுங்க பாக்.”

அவர் சட்டைப்பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார்.