அளவுகோலில் ஓர் உபயம்

சாமிக்கண்ணுவுக்கு அறுபத்தேழு வயது. ஆற்று நீர்மட்டம் குறிக்கும் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியும், சாரம் பகுதியிலிருந்த வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து தினமும் காலை ஆறு மணிக்குச் சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் நிற்பார். தூணில் அறைந்த அளவுகோலைப் பார்த்து, தூண்டில்காரர், நண்டு பிடிப்பவர், படகுக்காரர் என்று நாற்பத்தொரு பேருக்குப் போனில் மட்டத்தை அனுப்புவார். இரண்டு மீட்டர் அறுபதை நெருங்கினால் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

போன வெள்ளத்தில் ஒரு தென்னை மரம் வந்து மோதி அளவுகோலைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. புதிது வைக்கச் சொல்லி அலுவலகத்துக்குப் பதினொரு முறை நடையாய் நடந்தார். நிதி இல்லை என்றார்கள். கண்மதிப்பாக மட்டம் சொல்ல மனமில்லாமல் செய்தி அனுப்புவதையே நிறுத்தினார்.

“நீ சொல்லலன்னா நான் எறங்காம இருப்பனாண்ணே? அடுப்பு எரியணுமில்ல,” என்றாள் நண்டு பிடிக்கும் கொளஞ்சி. அந்த வார்த்தை அவரைத் தூங்கவிடவில்லை.

ரெட்டியார்பாளையத்தில் இரும்புக்கடை வைத்திருந்த தெய்வசிகாமணி, ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போட வருகிறவர். கேட்டதுமே, “செஞ்சிடலாம் சார். நம்ம பேரு மட்டும் இருக்கணும்,” என்றார். எதையும் இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொள்ளும் சாமிக்கண்ணு, பெயர் எந்த இடத்தில் என்று அன்று கேட்கவில்லை. அலைந்த களைப்பு. தலையாட்டிவிட்டு வந்தார்.

புரட்டாசிக் கடைசியில் தகடு தூணில் ஏறியது. அடியிலிருந்து இரண்டு மீட்டர் வரை எண்கள். அதற்கு மேல் உச்சி வரைக்கும், சிவப்பு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக: தெ-ய்-வ-சி-கா-ம-ணி.

“மேல அளவு எங்க சார்?”

“வெள்ளத்துல பேரு முழுகக் கூடாதில்ல சார்? அதான் மேல போடச் சொன்னேன்.”

“கோயில் ட்யூப்லைட்ல பேர எழுதி வெளிச்சத்த மறைச்ச கதையால்ல இருக்குது,” என்று கொளஞ்சி சிரித்தாள்.

தெய்வசிகாமணியின் முகம் சுண்டியது. “வேணாம்னா கழட்டிடலாமா?”

இன்னொரு ஆளைத் தேடி அலையச் சாமிக்கண்ணுவுக்குக் காலில் தெம்பில்லை. மழையும் பிடித்துக்கொண்டது. மறுநாள் பாலத்திலிருந்து அளவு நாடாவை இறக்கி ஒவ்வோர் எழுத்தாக அளந்தார். பெயிண்டர் ஒரே சீராக எழுதவில்லை. நாற்பத்தொரு பேருக்கும் செய்தி போயிற்று: “ணி முழுகினால் 2.27. ம முழுகினால் 2.58. அதற்கு மேல் இறங்காதீர்கள்.”

ஐப்பசி ஒன்பதாம் தேதி, அவர் பாலத்தை அடையும் முன்பே போன் வந்தது.

“அண்ணே, ம முழுகிடுச்சு. நான் எறங்கல.”

“கா?”

“கா காஞ்சிதான் கெடக்குது.”

அவர் போய்ப் பார்த்தார். சரிதான். குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வேறு வழியில்லாமல் குறிப்பேட்டில் எழுதினார்: காலை 6.10. ம முழுகியது. கா தொடங்கவில்லை.