கையெழுத்துக்குப் பக்கத்தில் மணி

முதியோர் இல்லத்தில் எல்லாரும் அவளைப் பெரியக்கா என்றே கூப்பிட்டார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது என்று பதினெட்டு வருஷம் ஓடியிருந்தது. அவள் கையில் இருந்தவர்களில் ஒருவருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. அந்தக் கையில்தான் வெண்புள்ளி தோன்றி, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஏறிவிட்டது. தொற்றாது என்று தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மேலாளர் மடித்து மேசைக்குள் போட்டுக்கொண்டார்.

“பாக்க வர்றவங்க முகம் சுளிக்கிறாங்கம்மா. கொஞ்ச நாள் துணி துவைக்கிற பக்கம் இருங்க.”

கொஞ்ச நாள் இரண்டு மாதமானது. பழைய வேலையைக் கேட்டு எழுத்தில் புகார் கொடுத்தாள். பதில் வந்தது: துவைக்கும் வேலைக்கு அவளேதான் விரும்பிப் போனாளாம். விண்ணப்பத்தின் நகலும் கூடவே வந்தது. அடியில் அவள் கையெழுத்து.

கையெழுத்து அவளுடையதேதான், அதுதான் வயிற்றெரிச்சல். ஷிஃப்ட் மாறும்போது பத்துப் பன்னிரண்டு தாள் நீட்டுவார்கள். யார் எவ்வளவு தண்ணீர் குடித்தார், யாருக்கு வயிறு போகவில்லை, எந்த மாத்திரை தீர்ந்தது என்று இருக்கும். போகிறவளுக்கு பஸ் அவசரம், வருகிறவளுக்கு வேலை அவசரம். முதலில் கையெழுத்து, அப்புறம்தான் பேச்சு. அந்தக் கட்டுக்குள் ஒரு தாளைச் செருகியிருக்கிறார்கள்.

வேலை மாற்றிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். மீதி பன்னிரண்டு நாள். வக்கீல் இல்லாமல் ஆகாது என்று தங்கையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

முதல் வக்கீல் நகலைப் பார்த்ததும் திருப்பி நீட்டினார். “படிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து நின்னா, நான் என்ன மந்திரமா போடுவேன்?”

இரண்டாமவர் முழுக்கக் கேட்டார். ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தினார். “எங்கம்மா விழுந்து இடுப்பு ஒடைஞ்சு படுத்திருக்காங்க. நீங்க வந்து பாத்துக்க முடியுமா?”

“என் கை பரவாயில்லையா சார்?”

“அம்மாவுக்குத்தான் கண்ணு தெரியாதே.”

பெரியக்கா எழுந்துகொண்டாள். “திருப்பிப் படுக்க வைக்கும்போது ரெண்டு முட்டிக்கும் நடுவுல தலகாணி வைக்கச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

தெருவில் தங்கை பொறுக்காமல் கேட்டாள். “போதும்க்கா. துணி என்ன உன்னைத் திட்டுதா? கம்முனு துவைச்சுட்டுப் போயேன்.”

“துணியைப் புரட்டிப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்டி. எனக்கு மனுசங்க வேலை வேணும்.”

மூன்றாவது வக்கீல் ஒரு பெண். நகல் எடுக்கும் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. ஏறி முடிப்பதற்குள் பெரியக்காவுக்கு முட்டி கழன்றுவிட்டது. வக்கீலம்மா வீங்கிய காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு விண்ணப்பத்தை மூன்று தரம் படித்தார்.

“கையெழுத்துக்குப் பக்கத்துல ரெண்டு அஞ்சுன்னு என்னம்மா?”

“மணிங்க. எதுல கையெழுத்துப் போட்டாலும் மணி போட்டுடுவோம். மருந்து எத்தனை மணிக்குக் குடுத்தேன்னு நாளைக்கு யாராவது கேப்பாங்கல்ல.”

“ஷிஃப்ட் எப்ப மாறும்?”

“ரெண்டு மணிக்கு.”

வக்கீலம்மா இல்லத்தின் பதில் கடிதத்தை எடுத்து ஒரு வரியை உரக்க வாசித்தார். ‘அன்று காலை பத்து மணிக்கு அலுவலக அறைக்குத் தாமாகவே வந்து, எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.’ வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “பத்து மணிக்குக் குடுத்ததுல ரெண்டு அஞ்சுக்கு எப்படிம்மா கையெழுத்து விழும்? அன்னைக்குப் போட்ட மத்த தாள்லயும் இதே மணிதானே?”

“ஒரே கட்டுங்க. எல்லாத்துலயும் அதேதான் இருக்கும்.”

“அதையெல்லாம் கொண்டு வரச் சொல்லிக் கேக்கலாம்.”

“அப்ப ஜெயிச்சாச்சு!” என்றாள் தங்கை.

“யாரு சொன்னா? புடிக்க ஒரு நுனி கிடைச்சிருக்கு, அவ்வளவுதான். ஒரு வருஷமாவது இழுக்கும். அதுவரைக்கும் துணிதான் துவைக்கணும். தோல் டாக்டர்கிட்ட இன்னொரு சீட்டு வாங்கிட்டு வாங்க.”

மூன்று பக்க வக்காலத்தை நீட்டி, கடைசிப் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். “இங்க.”

பெரியக்காவின் கை தன்பாட்டுக்கு அடிப்பக்கம் போயிற்று. பாதியில் நிறுத்தி, பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தாள். முதல் பக்கத்துக்குத் திருப்பி, விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினாள்.

“அக்கா, அஞ்சரை பஸ்சு.”

“போகட்டும்.”

இரண்டு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். காலியாக விட்டிருந்த ஓர் இடத்தை நிரப்பச் சொன்னாள். வக்கீலம்மா கொட்டாவி விட்டாரே தவிர அவசரப்படுத்தவில்லை. எல்லாம் முடிந்து கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ஐந்து ஐம்பது என்று எழுதினாள்.

“காலை இன்னும் உசரமா வைங்கம்மா. நெஞ்சு மட்டத்துக்கு வரணும், அப்பத்தான் வீக்கம் வடியும்.”

படியிறங்கும்போது முட்டி மறுபடி வலித்தது. அடுத்த பஸ் ஆறரைக்கு. காலையில் நாற்பது படுக்கை விரிப்பு காத்திருக்கும்.