அம்மா என்று தேடினால்

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. கிள்ளானில் அம்மாவைத் தன்னோடு வைத்திருந்த அண்ணன், அடையாள அட்டையில் இருப்பதைப் பெரிதாக்கிவிடலாம் என்றார். போலீஸ் பிடித்து நிறுத்தியவள் மாதிரி அம்மா முறைத்துக்கொண்டிருக்கும் படம் அது. அந்த முகத்துக்கா மாலை? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிச்ச படம் ஒண்ணு என் கம்ப்யூட்டர்ல இருக்குண்ணே. நாளைக்குக் கொண்டு வரேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவுக்கு முன்பல் ஒன்று இல்லை. கேமராவைக் கண்டால் முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும். வாயை மறைக்காமல் அவள் சிரித்த படம் உலகத்திலேயே ஒன்றுதான். எடுத்தவன் நான். எந்த ஃபோல்டரில் போட்டேன் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

தேடும் பெட்டியில் 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன். அன்னையர் தினக் கேக்குக்குத் தள்ளுபடி என்று வந்தது. அதன் கீழே யாரோ ஒரு நடிகையின் கல்யாணம். தாயைப் பறிகொடுத்தவனிடம் கேக் விற்க வருகிறதே, இதெல்லாம் ஒரு பிழைப்பா? காறித் துப்பலாம் போலிருந்தது.

என் படங்கள் எல்லாம் D டிரைவில் இருந்தன. நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். எந்தக் கடைக்காரனிடம் ஃபார்மெட்டுக்குக் கொடுத்தாலும், "எல்லாத்தையும் D-ல போடுங்க பாஸ், C போனாலும் அது போவாது" என்பான். வேதவாக்காக எடுத்துக்கொள்வோம். ஆனால் இந்த மிஷின், சொல்லாவிட்டால் D பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அது தயாரித்து வைத்திருக்கும் இண்டெக்ஸ் என்ற அட்டவணையில் இருந்தால்தான் உடனே எடுத்துக் கொடுக்கும். D-க்குள் நேராகப் போய்த் தேடினால் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து பாதி வழியில் செத்துப்போனது.

கடைசியாக ஃபார்மெட் பண்ணிக் கொடுத்த கடைக்காரனுக்குப் போன் போட்டேன்.

"அந்த இண்டெக்ஸிங்கை நான்தான் ஆஃப் பண்ணி வெச்சேன், பாஸ். அப்பத்தான் லாஜுவா ஓடும்லா."

லாஜுவாம்! வேகமாக ஓடி எங்கே போகப் போகிறது, ஒலிம்பிக்ஸுக்கா? திட்டியபடியே அவன் சொல்லச் சொல்ல சர்வீஸை உயிர்ப்பித்தேன், D டிரைவைச் சேர்த்தேன், அட்டவணையைப் புதிதாகக் கட்டச் சொன்னேன். எண்ணிக்கை நகர்ந்தது. மௌஸைத் தொட்டதும், நீங்கள் வேலை செய்வதால் வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி. பிணத்தை வைத்துக்கொண்டு ஐயருக்குக் காத்திருப்பதைப் போல, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மோனோரெயில் போய் வந்துகொண்டிருந்தது.

முடிந்ததும் மறுபடி அம்மா என்று தட்டினேன். இந்த முறை கொட்டியது. அடையாள அட்டை நகல், கிளினிக் கடிதம், இன்சூரன்ஸ், கையெழுத்துப் போட்ட ஃபாரம். ஒன்றிலும் முகம் இல்லை. மிஷின் மேல் இருந்த அருவருப்பு கொஞ்சம் என் பக்கம் திரும்பியது.

பின்னால் நின்ற என் மனைவி, "அந்தப் படத்தை எதுக்கு எடுத்தீங்க?" என்றாள்.

"அண்ணன் வீட்டுப் பழைய வாஷிங் மெஷினை ஆன்லைன்ல விக்க."

"அப்ப மெஷின்னு தேடுங்களேன். அம்மான்னு தேடுனா எப்படி வரும்?"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். தட்டிய மறுகணம் வந்துவிட்டது. அந்த மெஷினின் மூடி தானாக நிற்காது. அம்மா ஒரு கையால் மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தாள், மறு கையில் தண்ணீர்க் குழாய். முந்தானைக்குக் கை ஒழியவில்லை. "உன்னையும் சேத்து வித்துடவாம்மா?" என்று கேட்டேன். "என்னை எவன்டா வாங்குவான்?" என்று ஓட்டைப் பல் தெரியச் சிரித்தாள். கண் கலங்கிவிட்டது எனக்கு.

மறுநாள் அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க எடுத்தது?"

"உங்க வீட்டுப் பின்னாலதான்."

"எங்க வீட்டுலயா? இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லையேடா."

அண்ணன் அதைப் படக் கடையில் கொடுத்து மெஷினையும் குழாயையும் அழித்து, பின்னால் மேகங்களைப் போட்டு, சட்டம் மாட்டிக்கொண்டு வந்தார். அம்மாவின் வலது கை மட்டும் அந்தரத்தில் உயர்ந்து நின்றது.

காரியத்தன்று வந்த சொந்தம் எல்லாம் அந்தக் கையைத்தான் பார்த்தது. "பாத்தியா, ஆசீர்வாதம் பண்றாங்க" என்று ஒரு அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். உங்கள் துணியெல்லாம் துவைத்த மெஷினின் மூடியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அடுத்தது என் முறை என்றார்கள். போய் விழுந்தேன்.