பாட்டில் செத்த பொடியனுக்கு ஒரு செபமாலை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். பிடிக்காத இடம் வந்தால் பேனையை நிறுத்திவிட்டு முறைக்கிறாள்.

பேத்தி சந்தையில் பழைய இசைத்தட்டு ஒன்று வாங்கி வந்தாள். அவள் பிறப்பதற்கு முன்பே அமெரிக்காவில் வந்த ராப் பாட்டுகளாம். அட்டையில் சில பொடியன்கள் மாடிப்படியில் இருந்தார்கள், இத்தாலியில் எங்கள் ஒரேத்தோத் தெருவில் நிற்பவர்களைப் போலவே முகத்தைத் தூக்கிக்கொண்டு. மகளுக்கு ஆங்கிலம் விளங்கும். அதுதான் வினை.

"ஞாயிறு பூசைக்குப் போக முதல் இந்தத் தூசணம் வீட்டை விட்டுப் போகோணும்" என்றாள்.

பேத்தி அழுதாள். எனக்கோ தமிழும் சமையலறை இத்தாலியனும்தான். காதில் விழுந்தது தாளம் மட்டும். வெங்காயம் வெட்ட அருமையான தாளம். பகேரியாவில் நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா அம்மாவும் ரேடியோ பாடினால்தான் கத்தரிக்காய் பொரிப்பார். அதை விடுவோம்.

"கெட்ட வார்த்தையை விட்டிட்டுக் கதையைச் சொல்லு பிள்ளை."

"அதை விட்டா ஒண்டும் மிஞ்சாது அம்மம்மா!"

ஆனாலும் சொன்னாள். ஒரு தெருமுனை, இரண்டு கூட்டாளிகள். பசி, பகிடி, பொலிஸ் வந்தால் ஓட்டம். பிறகு ஒருவனைப் படியில் வைத்துச் சுட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் அவன் தாய் கதவைப் பூட்டாமல் படுக்கிறாள். நான் வெங்காயத்தை மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் செபமாலை. முடிவில் ஆளுக்கொரு ஆத்துமாவுக்காக மன்றாடச் சொல்லிக் கேட்பது வழக்கம். என் முறை வந்ததும் வாய் தானாகச் சொன்னது: "சூடுபட்டுச் செத்த ஒரு பொடியனுக்காக." எல்லோரும் உருகி மன்றாடினார்கள்.

தேத்தண்ணி குடிக்கும்போது மன்னார்க்காரி ஒருத்தி கேட்டாள்: "ஆரக்கா அந்தப் பிள்ளை? எங்கட பக்கமோ?"

"இல்லையடி, அமெரிக்கா. பேத்தியின்ரை பாட்டிலை வாறவன்."

மகள் தலையில் கை வைத்தாள். மன்னார்க்காரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "ஐயோ அக்கா, செபத்தைத் திருப்பி எடுக்க ஏலுமோ?"

சண்டையில் மகனைத் தொலைத்த வன்னிக்காரி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "தாய் என்ன செய்தவ?" என்று பேத்தியைக் கேட்டாள்.

"கதவு பூட்டாமல் படுக்கிறா, அன்ரி."

"நானும் கனகாலம் பூட்டேல்லை" என்றாள். பிறகு, "போடு பிள்ளை, கேப்பம்."

பேத்தி தாயைப் பார்த்தாள். தாய் எழுந்து போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்து இருந்தாள். பாட்டு முடியும்வரை வன்னிக்காரி கண்ணைத் திறக்கவில்லை.

ஞாயிறு வந்தது. தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

"தூசணம் வாற இடத்திலை சத்தத்தைக் குறை" என்றாள் மகள்.

"அப்ப முழுக்கக் குறைக்கோணும், மம்மா."

குறைக்க நான் விடவில்லை. எனக்கு வெங்காயம் வெட்ட வேண்டும்.