சந்திரமதி அக்கா வீட்டுக் குட்டிச்சாத்தான்

சந்திரமதி அக்கா சுவா சூ காங்கில் ஏழாம் மாடி வீட்டை வாங்கியபோது, விற்றவர் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினார். ஏசி வேலை செய்தது. ஹீட்டர் வேலை செய்தது. சமையலறை அலமாரிக்குள் இருந்த குட்டிச்சாத்தானைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. அதுவும் வேலை செய்தது.

அதுதான் தொல்லை. அக்கா தேக்காவில் புடவைக் கடையில் வேலை பார்ப்பவர், தனி ஆள். அவர் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவித் தரையைத் துடைக்கக் குட்டிக்கு ஒரு கொட்டாவி நேரம் போதும். வேலை தீர்ந்தால் நடுராத்திரி என்றும் பாராமல் அலமாரிக் கதவுகளைப் படபடவென்று அடிக்கும்.

“அக்கா, வேலை குடுங்க லா!”

“இப்பதானே சன்னல் தொடைச்ச?”

“தொடைச்ச தொடைப்புல கண்ணாடி இருக்கறதே தெரியல. புறா வந்து முட்டுது.”

தூக்கமில்லாமல், பச்சைப் புடவை கேட்டவருக்கு நீலத்தை மடித்துக் கொடுத்த அன்று, வீட்டை விற்றுவிடலாமா என்று அக்கா யோசித்தார். வாடகை அறைகளில் இருந்து அலுத்து, ஆசையாக வாங்கிய வீடு. மனசு வரவில்லை.

மறுநாள் கிளம்பும்போது தீராத வேலை ஒன்றைச் சொன்னார். “வெயிலடிச்சா துணியைக் காயப்போடு. மழை வந்தா எடுத்து மடி. இங்கதான் ரெண்டும் மாறி மாறி வருமே!”

யாருடைய துணி என்று சொல்லவில்லை.

பிற்பகலில் நல்ல மழை. அக்கா திரும்பியபோது அந்த அடுக்குமாடி புளோக்கில் இருந்த எல்லார் துணியும் அவர் வீட்டுக் கூடத்தில் மடித்து அடுக்கியிருந்தது. வாசலில் நான்காம் மாடி லாசரஸ் அங்கிள். அவருக்குப் பின்னால் பாதி புளோக்.

“என் பேண்ட் உன் வீட்ல என்னம்மா பண்ணுது?”

“போலீசைக் கூப்பிடுங்க அங்கிள்!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வீடு போயிற்று என்றே அக்கா நினைத்தார். “குட்டிச்சாத்தான் அங்கிள். இன்னும் சரியாப் பழகல.”

அங்கிள் பேண்டின் மடிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். “ஐயர்ன் பண்ணியிருக்கா?”

“கேக்காமலே பண்ணும்.”

“நான் சர்ச்சுக்குப் போறவன்மா. இந்த மாதிரி ஆளுங்களோட எனக்குப் பழக்கமில்ல.” கொஞ்சம் யோசித்தார். “வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போடுமா?”

போட்டது. அன்றிலிருந்து புளோக்கே வேலை கொடுத்ததில் குட்டிக்கு மூச்சுவிட நேரமில்லை. அக்கா அசந்து தூங்குகிறார். ஒரே குறை: மழை வந்தால் குட்டி கீழ்மாடியிலிருந்துதான் துணி எடுக்கத் தொடங்கும். ஏழாம் மாடிக்கு வருவதற்குள் மழையே விட்டுவிடும். அக்காவின் துணி மட்டும் நனைந்து தொங்கும்.

“என் வீட்டுக் குட்டிதானே நீ?” என்று சன்னலில் நின்று கத்திப் பார்த்தார்.

“கியூன்னா கியூதான் லா அக்கா!” என்றது கீழேயிருந்து.