துடைப்பம் அக்காவும் நகராத வரிசையும்

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அவளுக்குத் துடைப்பம் அக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே சொல்ல எவனுக்குத் துணிச்சல்? சும்மா கிடக்கும் பொருளைக் கண்டாலே அவளுக்குக் கை அரிக்கும். வீட்டிலும் இதே கதைதான். கணவர் எதையாவது கழற்றி வைத்துவிட்டு டீ குடித்துத் திரும்புவதற்குள் திருகாணி குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். பாவம் மனுஷன், அவருடைய மேசை மின்விசிறி ஒரு திருகாணி குறைந்து ஒரு வருஷமாக ஆடிக்கொண்டே சுற்றுகிறது.

வேலையில் கெட்டிக்காரி, அதை மறுக்க முடியாது. வார்டு, மருந்தகம், ஆய்வகம் என்று எல்லாக் கம்ப்யூட்டர்களும் ‘இன்னார் இன்ன கோப்பைத் திறந்தார்’ என்ற பதிவுகளை மையச் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அது படுத்துவிட்டால் பதிவுகள் வழியில் ஒரு டிஸ்க்கில் வரிசையாகக் காத்திருக்கும். எழுந்ததும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும். அந்த ஏற்பாட்டைச் செய்தவளே அவள்தான்.

அந்த வாரம் மையச் சர்வரை இரண்டு நாள் நிறுத்திவைத்து வேறு அறைக்கு மாற்றினார்கள். எல்லாவற்றையும் திரும்பக் கிளப்பியதும் புதுப் பதிவுகள் ஒழுங்காக வந்தன. காத்திருந்த பழைய பதிவுகள் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மறுநாள் தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள். அந்த நாட்களின் பதிவுகள் கிடைக்காவிட்டால் சர்வர் பொறுப்பை வாங்கிக்கொண்டு அவளை வரவேற்பு மேசைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று மேலாளர் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

கேபிளைப் பார்த்தாள், அனுமதிகளைப் பார்த்தாள், டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். எல்லாம் சரி. கடைசியில்தான் கண்ணில் பட்டது: பதிவுக் கோப்புகள் கொழுகொழுவென்று அப்படியே இருக்க, எது வரை அனுப்பியாயிற்று, அடுத்தது எது என்று சொல்லும் குட்டிக் கோப்பு மட்டும் இல்லை. அது இல்லாமல் வரிசை எங்கிருந்து நகரும்? எந்தப் பாவி அழித்தான் என்று தேடினால், தினமும் காலையில் ஓடி, ஒரு நாள் தொடாமல் கிடந்த சின்னக் கோப்புகளைத் துடைத்தெறியும் நிரல். எழுதியது சாட்சாத் அக்காவேதான்.

அந்தக் குட்டிக் கோப்பைப் புதிதாக உண்டாக்க ஒரு நிரலும் முன்பு எழுதி வைத்திருந்தாள். யாரும் தொடவில்லை என்று அதையும் அழித்தாயிற்று. மிச்சப் பிரதி இருந்தது பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மட்டும். அதைத் தூக்கிப்போடச் சொல்லி ஸ்டோர்காரருக்கு எழுதிக் கொடுத்தவளும் அவளேதான். எதையும் எறிய மனசு வராத அந்த மனிதருக்கு ‘மூட்டை’ என்று பெயர் வைத்ததும், அவருடைய அறையைக் காலி செய்யச் சொல்லி மேலாளரிடம் மூன்று முறை மனுக் கொடுத்ததும் வேறு யாருமல்ல.

வேறு வழியில்லை. போனாள். அசடு வழிய வாசலில் நின்றாள்.

“அண்ணே, அந்தப் பழைய பெட்டி…”

“நீங்கதானேம்மா தூக்கிப் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்க?”

“ஆமாண்ணே. போட்டுட்டீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றி, சாவகாசமாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“உங்க கையெழுத்தை நான் என்னிக்கு மதிச்சேன்?” என்று சொல்லி, மூலையில் இருந்த துணியை விலக்கினார். பெட்டி பத்திரமாக இருந்தது.

நிரல் ஓடியது. குட்டிக் கோப்பு பிறந்தது. வரிசை மெல்ல நகர ஆரம்பித்ததும் அவள் முதல் வேலையாகத் துப்புரவு நிரலை நிறுத்தினாள். கடைசிப் பதிவு போய்ச் சேரும்வரை எதையும் தொட்டுவிடாமல் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை வீட்டில் பெருக்கும்போது கட்டிலுக்கடியிலிருந்து ஒரு திருகாணி உருண்டு வந்தது. எதிலிருந்து விழுந்ததோ. குப்பைக்கூடைப் பக்கம் போன கை பாதியில் நின்றது. அதை எடுத்துத் துடைத்து, கணவரின் உள்ளங்கையில் வைத்தாள்.

“பத்திரமா வச்சுக்குங்க. எதுக்காவது வேணும்.”

அவர் திருகாணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி, காய்ச்சல் அடிக்கிறதா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.